வாசகர் கேள்வி: ரிப்போர்ட் எழுத காசு குடுக்கணுமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர் பக்கம் மகளிர் குழுவா கருப்பட்டி காய்ச்சி விக்கோம் சார். மானியத்தோட லோன் போட ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதித்தர ஒருத்தர் எட்டாயிரம் கேக்காரு, குடுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. நீங்க சொல்றது 2020-ல வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம்னா (சின்ன உணவுத் தொழில்களுக்கு மத்திய அரசு மானியத்தோட லோன் வாங்கித் தர திட்டம்), ரிப்போர்ட் போட, பேங்க்ல பேச, ஃபுட் லைசென்ஸ் எடுக்க கூடவே நிக்கதுக்கு மாவட்டத்துல ஆலோசகர்னே ஆள் உண்டு, லோன் ஒண்ணுக்கு 20,000 ரூபா அவருக்கு அரசே குடுக்கும்னு விதி, பாதி லோன் சாங்ஷன் ஆனதும், மீதி லைசென்ஸ் வேலையெல்லாம் முடிஞ்ச பிறகும். பணம் ஒதுக்கினா மட்டும் போதாது, எழுதத் தெரியாதவங்களுக்கு ஆளும் வேணும்னு யோசிச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அதான் பெரிய விஷயமா படுது.

மானியம் 35 சதவீதம், ஆனா கையில வராது, 3 வருஷம் பேங்க்லயே கிடக்கும், தவணை ஒழுங்கா கட்டினாதான் கடன்ல கழிப்பாங்க. உங்க பங்கு குறைஞ்சது 10 சதவீதம் போடணும்.

ரிப்போர்ட்ல அக்கானி (பதநீர்) கிடைக்குற மாசம், விறகு செலவு ரெண்டையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்க, சீசன் இல்லாத மாசமும் அதே தவணைனா திணறிப்போவீங்க. திட்டம் 2025-26 வரைக்கும்னு அறிவிச்சது, அதனால நாகர்கோவில் கோணத்துல மாவட்ட தொழில் மையத்துல இப்போ மனு வாங்குறாங்களானு முதல்ல கேட்டுக்கோங்க.