என்ஓசிக்கு 2 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: சொந்தப் பணத்தில் ஒரு சின்னப் படம் எடுத்தேன். 2019 செப்டம்பரில் ஒரு விநியோகஸ்தரிடம் 'அனைத்து உரிமைகளும்' என்று ஒன்றரைப் பக்க ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தேன். எத்தனை வருடம், எந்த ஏரியா என்று அதில் இல்லை. தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. 2023-இல் என்னிடம் சொல்லாமலே படத்தைத் தன் யூடியூப் சேனலில் ஏற்றிவிட்டார். இப்போது ஒரு ஓடிடி நிறுவனம் படத்தைக் கேட்கிறது, ஆனால் விநியோகஸ்தரிடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்கி வரச் சொல்கிறார்கள். அவரோ 2 லட்சம் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒப்பந்த நகலைப் படித்தேன். அதில் எழுதாமல் விட்டதெல்லாம் உங்களுக்குத்தான் சாதகம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து வருடம்தான். ஆக, 2024 செப்டம்பரோடு அவர் கணக்கு முடிந்தது. ஏரியா சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும். வெளிநாட்டு உரிமை அவர் கைக்கு வரவே இல்லை, ஆனால் யூடியூபில் ஏற்றினால் பொதுவாக உலகமே பார்க்கும்.

இன்னும் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதி. அவர் பயன்படுத்தியது தியேட்டர் உரிமையை மட்டும். அந்த ஒரு வருடத்துக்குள் டிஜிட்டல் உரிமையைத் தொடவில்லை என்றால் அது 2020 செப்டம்பரிலேயே உங்களிடம் திரும்பிவிட்டது. எல்லாம் ஒரே கட்டாக வாங்கியது, கொரோனா வந்துவிட்டது என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பார். தியேட்டர்தானே மூடியிருந்தது, இணையம் திறந்துதானே இருந்தது!

ஒரு எச்சரிக்கை. 'ஒப்பந்தம் போட்டபோது இல்லாத ஊடகத்துக்கு அது செல்லாது' என்ற 2012 திருத்தத்தைப் பிடித்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். உங்களுக்கு அது உதவாது. 2019-இல் ஓடிடி வியாபாரம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் அந்தச் சேனல் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப்பில் 2 லட்சம் கேட்ட செய்தியை அழிக்காதீர்கள். 'என்ஓசி கொடுங்கள்' என்று இனி எழுத்தில் கெஞ்சவும் வேண்டாம், அவருக்கு உரிமை இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார். அடுத்து வக்கீல் நோட்டீஸ்: படத்தை எடுக்க வேண்டும், அதில் வந்த வருமானத்துக்குக் கணக்குத் தர வேண்டும். நஷ்டஈடு கேட்க மூன்று வருடம்தான் கெடு, 2023-லிருந்து எண்ணுங்கள். கூடவே யூடியூபுக்கும் புகார் அனுப்புங்கள். விதிப்படி 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். அதனால் வழக்குத் தாளைத் தயாராக வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

நோட்டீஸ் போன பிறகு பெரும்பாலும் இறங்கி வருவார். ஓடிடிக்காரர்களுக்கும் சட்டத்தைவிடக் கையெழுத்துப் போட்ட தாள்தான் நிம்மதி என்பதால், ஒரு சின்னத் தொகையில் முடிந்தால் முடித்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தாளில் உரிமையைத் 'திருப்பித் தருகிறேன்' என்று எழுத விடாதீர்கள். 'எனக்கு எந்த உரிமையும் இல்லை' என்று இருக்க வேண்டும்.

அப்புறம், பாடல்களை ஆடியோ நிறுவனத்துக்குத் தனியாக விற்றிருந்தால் அந்த ஒப்பந்தத்தையும் அனுப்புங்கள். ஓடிடிக்காரர்கள் அடுத்துக் கேட்கப்போவது அதைத்தான்.