கையெழுத்துப் போட்ட பிறகும் ஆல்பம் ஏன் கிடப்பில் கிடக்கிறது?

கேள்வி: என் தம்பி நியூ ஜெர்சியில் வளர்ந்தவன். ஐந்தாறு வருஷமாக ராப் பாடுகிறான். ஓர் இசைத் தயாரிப்பாளர் நடத்தும் சின்ன லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனம், அவனுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது பெரிய நிறுவனம். முன்பணமும் நல்ல தொகைதான். ஆனால் பெரிய லேபிளில் கையெழுத்துப் போட்ட எத்தனையோ ராப்பர்களின் ஆல்பம் வெளியே வராமலே போயிருக்கிறது என்கிறார்கள். பணம் கொடுத்து எடுத்தவர்களே ஏன் கிடப்பில் போடுகிறார்கள்? கையெழுத்துக்கு முன்பு நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்? - ஒரு வாசகி

பதில்: முன்கூட்டியே கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. இசை ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்வது என் தொழில். இதே கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆல்பத்தை முடித்துக் கொடுத்து, இரண்டு வருஷம் காத்திருந்து, மனம் வெறுத்த பிறகுதான் வருகிறார்கள். அப்போது செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

பணம் போட்டவர் சரக்கை ஏன் விற்காமல் வைத்திருக்கிறார் என்பதுதானே உங்கள் குழப்பம்? லேபிளின் கணக்கு வேறு. முன்பணமும் ஸ்டுடியோ செலவும் ஏற்கெனவே போன பணம். வெளியிட்டாலும் போனதுதான், வெளியிடாவிட்டாலும் போனதுதான். வெளியிடுவது என்று முடிவெடுத்தால்தான் அடுத்த செலவு ஆரம்பிக்கிறது. வீடியோ, ரேடியோவில் பாட்டைக் கொண்டுசேர்க்கும் வேலை, விளம்பரம், ஊர் ஊராகப் பயணம். பல சமயம் இது பாட்டைப் பதிவுசெய்த செலவைத் தாண்டிவிடும். அதனால் பல பேரை எடுத்து வைத்துக்கொண்டு, யாருடைய சிங்கிள் (ஆல்பத்துக்கு முன்னோட்டமாகத் தனியாக விடும் பாட்டு) மக்களிடம் ஒட்டிக்கொள்கிறதோ அவர் பின்னால் பணத்தைக் கொண்டுபோவார்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

சரி, வேண்டாதவரை விட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். ராப்பர் 50 சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கொலம்பியா நிறுவனத்தில் இருந்தார். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அவரை ஒன்பது முறை சுட்டார்கள். கொலம்பியா பயந்துபோய் அவரை விட்டுவிட்டது, தயாராக இருந்த ஆல்பமும் முடங்கியது. 2003 பிப்ரவரியில் ராப்பர் எமினெம், தயாரிப்பாளர் டாக்டர் ட்ரே இருவரின் லேபிள்கள் மூலம் வந்த அவருடைய ஆல்பம் முதல் வாரத்திலேயே 8,72,000 பிரதிகள் விற்றது. இப்படி ஒருவரைக் கைவிட்ட அதிகாரி என்ற பெயரை யாரும் விரும்புவதில்லை. ஒரு ராப்பரைச் சும்மா வைத்திருக்க லேபிளுக்குச் செலவு கிடையாது. விடுவித்தால் ஆபத்து, வெளியிட்டால் செலவு, வைத்திருந்தால் ஒன்றுமில்லை. அந்தக் கட்டடத்தில் இருக்கிற எல்லோருக்கும் வசதியான முடிவு கலைஞனுக்கு மட்டும் வாழ்க்கையைத் தின்றுவிடுகிறது. 22 வயதில் எழுதிய வரிகள் 27 வயதில் வெளிவந்தால் அந்தப் பையனே அவற்றை விட்டுத் தள்ளிப் போயிருப்பான். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

இதில் நான் எல்லோரையும் படிக்கச் சொல்வது கிளிப்ஸ் என்ற ராப் குழுவின் கதை. வர்ஜீனியாவைச் சேர்ந்த அண்ணன் தம்பி, மாலிஸும் புஷா டியும். தயாரிப்பாளர் ஃபாரெல் வில்லியம்ஸ் அவர்களை எலெக்ட்ரா நிறுவனத்தில் சேர்த்துவிட்டார். 1999-இல் முதல் சிங்கிள் வந்தது, எடுபடவில்லை. முடிந்து கிடந்த ஆல்பத்தை எலெக்ட்ரா அப்படியே கிடப்பில் போட்டது. பிறகு ஃபாரெலின் ஸ்டார் ட்ராக் லேபிள் வழியாக அரிஸ்டா நிறுவனத்துக்கு வந்தார்கள். 2002-இல் ஆல்பம் வந்தது, பெரிய வெற்றி. இனிமேல் என்ன கவலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2004-இல் சோனியும், அரிஸ்டாவின் தாய் நிறுவனமான பிஎம்ஜியும் தங்கள் இசைப் பிரிவுகளை இணைத்தன. அரிஸ்டாவின் கலைஞர்கள் பலர் ஜைவ் லேபிளுக்கு மாற்றப்பட்டார்கள். ஃபாரெலின் ஸ்டார் ட்ராக் இன்டர்ஸ்கோப் என்ற வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஒப்பந்தப்படி கிளிப்ஸ் மட்டும் ஜைவிலேயே மாட்டிக்கொண்டார்கள். பாப் பாடகர்களுக்குப் பெயர்போன இடம் அது. விடச் சொன்னார்கள், விடவில்லை. வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆல்பம் வெளிவந்தது 2006 நவம்பரில். ஜெயித்தவர்களுக்கே நான்கு வருஷம் போயிற்று. அந்த இடைவெளியில் அவர்கள் பெயரைக் காப்பாற்றியது தாங்களே வெளியிட்ட மிக்ஸ்டேப்புகள், அதாவது லேபிள் இல்லாமல் விட்ட பாட்டுத் தொகுப்புகள்தான்.

இந்தக் கதையில் யாரும் அவர்கள் பாட்டு மோசம் என்று சொல்லவில்லை. அவர்களைக் கூட்டிவந்தவர் ஒரு பக்கம் போனார், ஒப்பந்தக் காகிதம் இன்னொரு பக்கம் போனது. கிடப்பில் விழுந்த பல ஆல்பங்களில் காரணம் இதுதான். உங்கள் தம்பியின் பாட்டைக் கேட்டு மயங்கி, மேலிடத்தில் சண்டைபோட்டு அவனை எடுத்த ஏ அண்ட் ஆர் அதிகாரி (லேபிளுக்குப் புதிய கலைஞர்களைத் தேடிப் பிடிப்பவர்) வேலை மாறினால், அவர் இடத்துக்கு வருகிறவருக்கு உங்கள் தம்பி இன்னொருவரின் தேர்வு. அவன் ஜெயித்தால் பெருமை பழைய ஆளுக்கு, தோற்றால் பழி புதியவருக்கு. புதியவர் தன் ஆளைக் கொண்டுவரத்தான் பார்ப்பார்.

உங்களுக்கு வந்திருப்பது தயாரிப்பாளரின் லேபிள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் ட்ரே 1996-இல் இன்டர்ஸ்கோப்பின் கீழ் ஆஃப்டர்மாத் என்ற லேபிளைத் தொடங்கினார். எமினெமும் கென்ட்ரிக் லமாரும் அங்கிருந்துதான் உலகத்துக்கு வந்தார்கள். அதே இடத்தில் ராப்பின் பிதாமகர்களில் ஒருவரான ரகீம் 2000-இல் சேர்ந்து, 2003-இல் ஆல்பம் இல்லாமல் வெளியேறினார். பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஈவ் என்ற பெண் ராப்பரை அங்கே எடுத்துப் பிறகு விட்டுவிட்டார்கள். அவர் ரஃப் ரைடர்ஸ் என்ற வேறு லேபிளில் சேர்ந்து 1999-இல் முதல் ஆல்பத்திலேயே பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தார். ஸ்டாட் குவோ, ஜோயல் ஓர்டிஸ், பிஷப் லமான்ட் என்று வெறுங்கையோடு வெளியேறியவர்களும் உண்டு. இதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். தான் பல வருஷம் உழைத்த சொந்த ஆல்பத்தையே, நன்றாக வரவில்லை என்று 2015-இல் கைவிட்டவர் ட்ரே. ஒரே மனிதரின் காது வழியாக எல்லாம் போக வேண்டிய இடத்தில் வரிசை நீளமாகத்தான் இருக்கும். உங்கள் தயாரிப்பாளர் எத்தனை பேரை எடுத்திருக்கிறார், அதில் எத்தனை பேருக்கு ஆல்பம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

"சிங்கிள் எங்கே?" என்ற கேள்வியிலும் பல ஆல்பங்கள் நின்றுபோகின்றன. ராப்பர் க்யூ-டிப் 2001 வாக்கில் ஜாஸ் கலந்து செய்த ஆல்பம் விற்காது என்று அரிஸ்டா நிறுத்தியது, 2009-இல்தான் வந்தது. சில சமயம் சர்ச்சை காரணம். கேஎம்டி என்ற ராப் குழுவின் ஆல்பத்தை அட்டைப்படத்துக்குப் பயந்து 1994-இல் எலெக்ட்ரா கைவிட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்தான் பிறகு எம்எஃப் டூம் என்ற பெயரில் புகழ்பெற்ற ராப்பர் ஆனார். எம்ஐஏ என்ற பெயரில் பாடும் நம் மாயா அருள்பிரகாசம் இதே வேதனையை அனுபவித்தவர். நான்காவது ஆல்பம் தள்ளிக்கொண்டே போனபோது, இனியும் தாமதித்தால் நானே கசியவிடுவேன் என்று 2013 ஆகஸ்டில் ட்விட்டரில் எழுதினார். உடனே இன்டர்ஸ்கோப் தேதி சொன்னது, நவம்பரில் ஆல்பம் வந்தது. ராப்பர் லூப்பே ஃபியாஸ்கோவின் ஆல்பத்தை வெளியிடச் சொல்லி 30,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள், 2010 அக்டோபரில் நியூயார்க்கில் அவருடைய லேபிளான அட்லாண்டிக்கின் அலுவலக வாசலில் ரசிகர்கள் போய் நின்றார்கள். ஆல்பம் 2011 மார்ச்சில் வந்தது. இவர்கள் ஏற்கெனவே கூட்டம் சேர்த்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். முதல் ஆல்பம்கூட வராத பையன் கசியவிட்டால் அது ஒப்பந்த மீறல், நஷ்ட ஈடு கேட்பார்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் காகிதத்துக்கு வருவோம். அதில் ஆல்பத்தை ஒப்படைக்க வேண்டிய தேதி தெளிவாக இருக்கும். வெளியிட வேண்டிய தேதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் அமெரிக்காவில் வெளியிட வேண்டும், தவறினால் எழுத்தில் அறிவிப்பு கொடுத்து 60 நாளில் வெளியேறலாம் என்று சேர்க்கச் சொல்லுங்கள். இதோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். வெளியேறினாலும் பதிவுசெய்த மாஸ்டர், அதாவது பாட்டின் மூலப் பதிவு, லேபிளிடமே இருக்கும். கையில் பாட்டில்லாமல் வெளியே வந்து என்ன செய்வது? ஆகவே பதிவுச் செலவைத் திருப்பிக் கொடுத்தால் வெளிவராத பாட்டுகள் அவனுக்கே வர வேண்டும் என்ற வரியும் வேண்டும். கையில் பணம் இருக்காது என்பதால், அந்தத் தொகையைப் பின்னால் வரும் வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்றும் கேளுங்கள். அதே பாட்டை வேறு இடத்தில் மறுபடி பதிவுசெய்யக் கூடாது என்ற தடை பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. வெளிவராத பாட்டுக்கு அது பொருந்தாது என்று எழுதி வாங்குங்கள்.

"ஒப்படைப்பு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒலித்தரம் சரியாக இருந்தால் ஏற்க வேண்டும் என்றிருந்தால் நல்லது. விற்பனைக்கு ஏற்றதாக லேபிள் கருத வேண்டும் என்றிருந்தால், எத்தனை முறை கொடுத்தாலும் திருப்பி அனுப்பலாம். ஏற்காத ஆல்பம் கணக்கில் சேராது. ஐந்து ஆல்பம் தர வேண்டிய ஒப்பந்தத்தில் முதல் ஆல்பத்திலேயே வருஷங்கள் ஓடிவிடும்.

கலிபோர்னியாவில் 7 வருஷத்துக்கு மேல் ஒருவரை வேலை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது என்று தொழிலாளர் சட்டத்தின் 2855-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 1987-இல் வந்த திருத்தம், தராத ஆல்பங்களுக்காகக் கலைஞன் மேல் லேபிள் நஷ்ட ஈட்டு வழக்குப் போட வழி திறந்துவிட்டது. நியூயார்க் சட்டத்தில் அந்த 7 வருஷ வரம்பே கிடையாது. உங்கள் காகிதத்தில் எந்த மாநிலச் சட்டம் என்று கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

அப்புறம், இது இரண்டு அடுக்கு ஒப்பந்தம். தம்பி சின்ன லேபிளோடு, சின்ன லேபிள் பெரிய நிறுவனத்தோடு. மேலே அறுந்தால் கீழே என்ன ஆகும் என்று எழுதியிருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தோடு உறவு முடிந்த 90 நாளில் வேறு விநியோகம் கிடைக்காவிட்டால் தம்பிக்கு விடுதலை என்று கேளுங்கள். அவனை எடுத்த அதிகாரியின் பெயரைக் குறிப்பிட்டு, அவர் வெளியேறினால் தம்பியும் வெளியேறலாம் என்ற உட்பிரிவும் உண்டு. புதியவர்களுக்கு அதை எளிதில் தர மாட்டார்கள். ஆனாலும் கேட்டுவிடுங்கள், மறுக்கும் விதத்திலேயே அந்த அதிகாரி எத்தனை நாள் இருப்பார் என்பது புரியும்.

பெரிய ராப்பரான லில் வெய்னே 2014 டிசம்பரில் கேஷ் மணி லேபிள் தன் ஆல்பத்தை முடக்கிவிட்டதாகப் பகிரங்கமாகச் சொல்லி, 2015 ஜனவரியில் வழக்குப் போட்டு, 2018 ஜூன் வரை போராட வேண்டியிருந்தது. செப்டம்பரில் ஆல்பம் வந்து முதலிடம் பிடித்தது. அவரிடம் வழக்கு நடத்தப் பணம் இருந்தது. உங்கள் தம்பிக்கு இப்போது செலவாகப்போவது ஒரு நல்ல வக்கீலின் கட்டணம். பலர் ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம் வாங்கிக்கொண்டு செய்வார்கள். அதுவும் முடியாவிட்டால் நியூயார்க்கில் கலைஞர்களுக்கான தன்னார்வ வக்கீல்கள் அமைப்பு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவும். தயாரிப்பாளர் தானே ஒரு வக்கீலைப் பரிந்துரைத்தால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள்.

இதில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால், வெளிவராத பாட்டுகளைத் திரும்ப வாங்கும் உரிமையைக் கேட்டு வாங்குங்கள். அதற்காக முன்பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும் தம்பியைத் தயார்செய்யுங்கள்.