தோற்ற ஆண்டுகளின் வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு சிறிய கேம் ஸ்டூடியோவில் புரோகிராமராக இருக்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்து உங்கள் தளத்தை வாசித்து வருகிறேன். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற கன்சோல், அதாவது கேம் ஆடும் கருவி, வந்த முதலாண்டில் ஒரு கன்சோலுக்கு ஏறத்தாழ நான்கு கேம்கள் விற்றிருக்கின்றன. அமெரிக்காவில் முதல் மாதம் கன்சோலைவிட செல்டா கேம் அதிகமாக விற்றதாம். இப்போது ஸ்விட்ச் 2 வந்துவிட்டது. புதுக் கன்சோல் வாங்கியவர்கள் ஆட ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பார்கள், கடையில் கேம்கள் குறைவாக இருக்கும், அந்த நேரத்தில் நுழைந்தால் சின்ன ஸ்டூடியோவும் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் எங்கள் முதலாளி. அது சரிதானா? எனக்கென்னவோ நிண்டெண்டோவின் வெற்றி என்பதே விளம்பரமும், பழைய கேம்களுக்குப் புது உறையும்தான் என்று படுகிறது. எங்கள் முதல் கேம் ஓடவில்லை. லெவல் டிசைன், அதாவது ஆட்டத்தின் கட்டங்களை வடிவமைக்கும் வேலை, செய்த இருவரை அனுப்பிவிட்டு, மிச்சமாகும் பணத்தில் புதிய கன்சோலுக்கான வேலையைத் தொடங்குவதாகத் திட்டம். இலக்கியத் தளத்தில் இதைக் கேட்பது தவறென்றால் மன்னிக்கவும்.

ம.

அன்புள்ள ம.,

இங்கே கேட்கலாமா என்ற தயக்கத்தை இத்தோடு விடுங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்து ஒரு கற்பனை உலகத்தை எழுப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச உங்களுக்கும் எனக்கும் யார் அனுமதியும் வேண்டியதில்லை.

அந்த அமெரிக்கக் கணக்கு உண்மைதான். 2017 மார்ச்சில் அங்கே ஸ்விட்ச் 9,06,000 விற்றது, ஸ்விட்சுக்கான செல்டா 9,25,000 விற்றது. ஆட ஒன்று, சேகரிப்பில் வைக்க ஒன்று என்று இரண்டு வாங்கியவர்கள் இருந்தார்கள். கன்சோல் கைக்கு வருமுன்பே கேமை வாங்கி வைத்தவர்களும் இருந்தார்கள். அதற்கு மேல் அதில் துருவ ஒன்றுமில்லை.

ஆனால் 'பழைய கேம்களுக்குப் புது உறை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஒரு புரோகிராமர் எழுதலாமா? உங்கள் கையால் செய்த வேலையை எவராவது அப்படிச் சொன்னால் பொறுப்பீர்களா? இந்த விஷயம் சில காலமாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

2018 மார்ச் முடிய விற்ற ஸ்விட்ச் 1 கோடியே 77 லட்சத்து 90 ஆயிரம். விற்ற கேம்கள் 6 கோடியே 89 லட்சத்து 70 ஆயிரம். முன்னணியில் நின்றவை நான்கு: சூப்பர் மாரியோ ஒடிஸி 1 கோடியே 4 லட்சம், மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் 92 லட்சம், செல்டா 84 லட்சம், ஸ்ப்ளாட்டூன் 2 60 லட்சம். ஒடிஸியைத் தவிர மற்ற மூன்றும் எங்கே தொடங்கின தெரியுமா? 2012 நவம்பரில் வந்து படுதோல்வி அடைந்த, நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீ யூவில். வீ யூ தன் வாழ்நாள் முழுக்க விற்றதே 1 கோடியே 35 லட்சம்தான். ஸ்விட்ச் அதைப் பத்தே மாதத்தில் தாண்டியது.

மாரியோ கார்ட் 8 அந்த வீ யூவுக்காக 2014ல் செய்யப்பட்டது. 84 லட்சம் பிரதி விற்றது. அதாவது அந்தக் கன்சோல் வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாங்கிவிட்டார்கள், இனி வாங்க ஆளில்லை என்கிற நிலை. ஸ்ப்ளாட்டூன் வந்தது 2015ல். வீ யூ தேறாது என்று ஊரே முடிவுகட்டிய பிறகு, முன்கதையோ பழைய பெயரோ இல்லாத புத்தம்புதிய ஒரு விளையாட்டை அதில்தான் செய்து வெளியிட்டார்கள். செல்டாவோ 2013ல் வீ யூவுக்கென்று அறிவிக்கப்பட்டது. 2015ல் வரும் என்றார்கள், தள்ளினார்கள், 2016 என்றார்கள், மறுபடி தள்ளினார்கள். கடைசியில் 2017 மார்ச் 3 அன்று இரண்டு கன்சோல்களிலும் ஒன்றாக வெளிவந்தது. வாங்க ஆளில்லாத ஒரு இயந்திரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு மலையில் ஏறினால் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற எந்த இடத்துக்கும் நடந்தே போய்விடலாம் என்கிற அந்த உலகத்தை அவர்கள் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பெரிய விஷயம், ம. முதலாண்டில் முன்னணியில் நின்ற நான்கில் மூன்றின் வேர் தோற்ற ஆண்டுகளில் செய்த வேலை.

அந்த ஆண்டுகளில் தலைவராக இருந்தவர் சடோரு இவாடா. அடிப்படையில் புரோகிராமர். 1990களின் தொடக்கத்தில் ஹால் லெபாரட்டரி என்ற சிறிய நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது அதன் தலைமைக்கு வந்து, 150 கோடி யென் கடனைச் சில ஆண்டுகளில் அடைத்தவர். 2002ல் நிண்டெண்டோவின் தலைவரானார். 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டு தொடங்கி மூன்று நிதியாண்டுகள் தொடர்ச்சியாக நிண்டெண்டோ செயல்பாட்டு நஷ்டத்தைக் காட்டியது. 2013ல் பங்குதாரர்கள் கேட்டார்கள், ஏன் ஆட்குறைப்பு செய்யவில்லை என்று. இவாடா சொன்ன பதிலின் சாரம் இது: ஆளைக் குறைத்தால் அந்த ஆண்டுக் கணக்கு அழகாகத் தெரியும், ஆனால் எப்போது வேலை போகுமோ என்ற பயத்தில் இருப்பவர்களால் உலகம் வியக்கும் கேமைச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. 2014ல் அவர் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2011ல் 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோல் சறுக்கியபோதும் அதையே செய்திருந்தார். 2015 ஜூலையில் இறந்தார், வயது 55. ஸ்விட்ச் கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

அவரை மகானாக்க நான் இதைச் சொல்லவில்லை. நிண்டெண்டோவின் கஜானாவில் பணம் இருந்தது, ஜப்பானில் ஆட்களை நீக்குவது எளிதும் இல்லை. அதே நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளையில் 2014ல் வேலை இழந்தவர்கள் உண்டு. எல்லாம் தெரியும். ஆனாலும் பஞ்சத்தில் விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்ற தெளிவு அவரிடம் இருந்தது. கேம் செய்கிற தொழிலில் அந்த விதைநெல் ஆட்கள்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் கணக்குச் சொல்லித்தரும் சிடி ஒன்றைச் செய்தோம். கதை வசனம் என் பொறுப்பு. படங்களை வரைந்தவர் மதுரைக்காரர், ஓர் அக்கா. பின்னத்தைச் சொல்லித்தர அவர் ஒரு மீன் சந்தையையே வரைந்தார். எடைக்கல்லை எடுத்து வைக்க வைக்க தராசு மெல்லச் சாய்ந்து நிமிரும். அந்த அசைவு சரியாக வரும்வரை எங்களை வீட்டுக்கு விடமாட்டார். சிடி விற்கவில்லை. அப்போது எத்தனை பள்ளிகளில் கம்ப்யூட்டர் இருந்தது! இருந்தவையும் பூட்டிய அறையில் துணி போர்த்திக் கிடந்தன. நிறுவனம் ஒரே வாரத்தில் அந்த அணியைக் கலைத்தது. அக்காவிடம் கணக்கை முடித்து ஒரு கவரைக் கொடுத்தார்கள். அவர் தன் வரைபலகையைப் பையில் வைத்துக்கொண்டு, "பிள்ளைங்க கைக்கே போகலையே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

சில ஆண்டுகளில் டேப்லெட்டுகள் வந்தன. அதே நிறுவனத்தை அதே பாடங்களுக்காகத் தேடி வந்தார்கள். கொடுக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. கோப்புகள் எங்கோ கிடந்தன, அவற்றைத் திறந்து புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர்கூட உள்ளே இல்லை. அக்காவுக்குப் போன் செய்தார்களாம். அவர் அதற்குள் வரைவதையே விட்டிருந்தார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் அந்த வரியில் நின்றுவிட்டேன். 'இருவரை அனுப்பிவிட்டு, மிச்சமாகும் பணத்தில்.' மின்கட்டணத்தைக் குறைப்பது போல எழுதியிருக்கிறீர்கள். ஓடாமல்போன கேமில் எந்த இடத்தில் ஆடுபவர் சலித்து வெளியேறினார், எந்தப் படியில் தடுமாறினார், எது கிட்டத்தட்ட சரியாக வந்தது என்பதெல்லாம் அந்த இருவருக்குத் தெரியும். தோல்விக்கு நீங்கள் கொடுத்த விலைக்குக் கிடைத்தது அந்த அறிவு ஒன்றுதான். அதையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வரப்போகிறீர்கள். முதலாளிக்குப் பணக் கஷ்டம் இருக்கும், புரிகிறது. உங்களுக்கு என்ன? பக்கத்து மேசையில் இருந்து ஒன்றாக டீ குடித்தவர்கள்தானே? அவர்களுக்காக ஒரு வார்த்தை பேசினீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு தடயமே இல்லையே.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் முதலாளி 2017ஐ மனதில் வைத்துப் பேசுகிறார். அன்று ஸ்விட்சில் வீ யூவின் டிஸ்க் எதுவும் ஓடாது, அலமாரி உண்மையிலேயே காலியாக இருந்தது, சிறிய கேம்கள் கண்ணில் பட்டன. ஸ்விட்ச் 2 அப்படி இல்லை. பழைய ஸ்விட்சின் கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடுகின்றன, வாங்கியவர் வீட்டில் முதல் நாளே ஆட நிறைய இருக்கிறது. 2025 செப்டம்பர் முடிய ஸ்விட்ச் 2 விற்றது 1 கோடியே 3 லட்சம், அதன் கேம்கள் 2 கோடியே 6 லட்சம். அதில் மாரியோ கார்ட் வேர்ல்ட் மட்டும், கன்சோலோடு சேர்த்துக் கொடுத்ததையும் கணக்கில் எடுத்தால், 95 லட்சம். மிச்சத்தில் மற்ற எல்லோரும் பங்கு போட வேண்டும். அவசரப்பட்டு ஓட வேண்டிய இடமாக எனக்குத் தோன்றவில்லை.

விலை, கார்ட்ரிட்ஜா டவுன்லோடா என்பதெல்லாம் பிறகு. முதலில் அந்த இருவரோடும் முதலாளியோடும் உட்கார்ந்து பேசுங்கள். ஓடாமல்போன அந்தக் கேமின் இணைப்பை எனக்கு அனுப்புங்கள். ஆடிப் பார்த்துவிட்டு, அதைச் செய்த அந்த இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அன்புடன்