'அதே மருந்து' என்று எழுதினால் போதாதா?

கேள்வி: மூதூர்ப் பக்கம் வேலை செய்யும் இளம் வைத்தியர் நான். கிளினிக் நாளில் சனம் நெரியும். ஒவ்வொரு நோயாளியின் கிளினிக் கொப்பியிலும் விரிவாக எழுதினால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். 'அதே மருந்து' என்று ஒரு வரி எழுதினால் போதாதா, டொக்டர்?

பதில்: போதாது தம்பி. தோப்பூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் விடியவே பஸ் ஏறி வருகிற சனம், அவர்களின் அவசரம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கொப்பியை அடுத்ததாகத் திறப்பவர் நீங்களாக இருக்கவேண்டும் என்றில்லை. நடுச்சாமத்தில் நெஞ்சுவலி வந்து அம்புலன்ஸில் திருகோணமலைக்கு ஏற்றினால், அந்த ஆளை ஒருநாளும் கண்டிராத டொக்டர் ஒருவர் திறப்பார். அவருக்கு 'அதே மருந்து' என்ன சொல்லும்?

சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறியதால், சீனி வருத்த மருந்தான மெட்ஃபோமினைக் குறைத்தீர்கள் என்று வையுங்கள். குறைத்ததை எழுதிவிட்டுக் காரணத்தை விட்டால், வார்ட்டில் சீனி கூடியிருப்பதைப் பார்த்து அவர் திரும்பக் கூட்டிவிடுவார். மருந்தை மாற்றும் நாளில் ஏன் என்று நாலு சொல் எழுதுங்கள்.

ஒவ்வாமையும் அப்படித்தான். 'பென்சிலின் ஒவ்வாமை' என்பது பாதித் தகவல். உடம்பு தடித்ததா, முகம் வீங்கி மூச்சு முட்டியதா, வெறும் வயிற்றோட்டமா? கேட்டு, முன் அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதுங்கள்.

இன்சுலின் அளவை எழுதும்போது 10க்குப் பக்கத்தில் ஆங்கில 'யூ' எழுத்தைப் போடாதீர்கள். அவசரக் கையெழுத்தில் அதன் வாய் மூடிக்கொள்ளும், தாதி 100 என்று வாசித்துவிடுவார். 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். அரை மில்லிகிராம் என்றால் 0.5. முன் பூச்சியம் இல்லாவிட்டால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும். பிழைத்தால் ஒற்றைக் கோடு கீறி, திகதி போட்டு ஒப்பமிடுங்கள். வெள்ளை மை பூசவே கூடாது.

1968இல் அமெரிக்க வைத்தியர் லோரன்ஸ் வீட், நோயாளியின் ஒவ்வொரு பிரச்சினையையும் தனித்தனியாக எழுதும் முறையை முன்வைத்தார். நோயாளி சொன்னது, நீங்கள் கண்டது, நினைப்பது, செய்யப்போவது: அதிலிருந்து வந்த இந்த ஒழுங்கு கைக்குப் பழகினால் ஐந்தாறு வரியில் முடியும்.

அப்புறம், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். "அம்மா, பிரஷர் குளிசையைக் கூட்டியிருக்கிறேன்" என்றால், "அதை நான் போன மாதமே நிப்பாட்டிப்போட்டன் டொக்டர்" என்று அங்கேயே பதில் வரும். அதையும் சேர்த்து எழுதுங்கள்.