லத்தியைவிட தலைக்கணக்கு பெரிது

கேள்வி: சினிமாவில் வரும் சிறைக்காவலர் எந்நேரமும் லத்தியைச் சுழற்றிக்கொண்டே திரிகிறார். நிஜத்தில் அவருடைய வேலைதான் என்ன?

பெரும்பாலும் எண்ணுவது. காலையில் அறைகளைத் திறக்கும்போது, மாலையில் பூட்டும்போது, ஷிப்டு மாறும்போது என்று ஒரு நாளில் பலமுறை தலைக்கணக்கு எடுக்க வேண்டும். இரவில் போர்வை மேடாகத் தெரிந்தால் போதாது. தோல் தெரிய வேண்டும், மூச்சு அசைய வேண்டும். 1962-ல் அமெரிக்காவின் அல்காட்ராஸ் சிறையிலிருந்து மூவர் கிளம்பிப் போனபோது, அவர்கள் செய்துவைத்த பொம்மைத் தலைகள் படுக்கையில் 'தூங்கின'. விடிந்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது.

ஒரு தலை குறைந்தால் எல்லா நடமாட்டமும் நிறுத்தப்படும். நீதிமன்றம், மருத்துவமனை, சமையற்கூடம் சென்றவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு மறுபடி எண்ணுவார்கள். பல நேரம் யாரும் தப்பியிருக்க மாட்டார்; யாரையோ அறை மாற்றியதைப் பதிவேட்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அதற்குள் சாப்பாடு தாமதமாகி, உள்ளே கூச்சல் கிளம்பிவிடும்.

கேள்வி: இடுப்பில் துப்பாக்கி இருக்குமா?

கைதிகளுக்கு நடுவே நிற்பவரிடம் பொதுவாக இருக்காது, இருக்கவும் கூடாது. பிடுங்கிவிட்டால் கதை முடிந்தது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015-ல் ஏற்ற மண்டேலா விதிகளில் 82-ஆவது விதியும், விசேஷச் சூழல் தவிர ஆயுதம் வேண்டாம் என்றே சொல்கிறது.

கேள்வி: இரவுப் பணி என்றால் நாற்காலியில் தூக்கம்தானே?

அப்படித் தூங்குபவர்களும் உண்டு. ஆபத்தான தூக்கம் அது. தற்கொலை எண்ணம் உள்ளவரை, உதாரணமாக 15 நிமிடத்துக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தால், சரியாகப் பதினைந்தாவது நிமிடம் போகக் கூடாது. காலடிச் சத்தத்தை வைத்தே அவர் நேரம் கணித்துவிடுவார். எட்டு, பதின்மூன்று, ஐந்து என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். பார்த்த நேரத்தை அங்கேயே எழுத வேண்டும். காலையில் மொத்தமாக நிரப்பிய பதிவேடு, எல்லா நேரங்களுக்கும் நடுவே ஒரே மாதிரி இடைவெளி இருப்பதாலேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: செல்போன் கடத்தும் அளவுக்கு ஒரு காவலர் எப்படி விலைபோகிறார்?

திரையில் காட்டுவதுபோல் பணப்பெட்டியில் தொடங்குவது அபூர்வம். "சார், இந்த லெட்டரை வெளியே தபாலில் போட்டுடுங்க, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரு கைதி கேட்பதில் ஆரம்பிக்கும். இரக்கப்பட்டுச் செய்தால், அடுத்தது ஒரு சிறு பொட்டலம். மறுத்தால், "லெட்டர் விஷயத்தை மேலே சொல்லட்டுமா?" என்று கேட்பார். இரக்கம் தப்பில்லை, வழிதான் தப்பு. கடிதத்தை முறைப்படி அனுப்பவைத்து, கைதி கேட்டதை அன்றே மேலதிகாரிக்கு எழுத்தில் தந்துவிட்டால் மிரட்ட அவரிடம் எதுவும் இருக்காது. ஏற்கெனவே ஒன்றைச் செய்துவிட்டவரும் இரண்டாவதைச் செய்வதற்குமுன் இப்படி எழுதிக் கொடுப்பதே நல்லது. முதல் தவறுக்கு விளக்கம் கேட்பார்கள். பொட்டலத்துக்கு வழக்கே போடுவார்கள்.