முள்சீத்தாக் கஷாயம் கீமோவுக்கு மாற்றாகுமா?

கேள்வி: ஏனுங்க டாக்டர், எங்க அம்மாயிக்கு 62 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கோவையில் கீமோ நடக்கிறது. முள்சீத்தா கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு வலுவானது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு, மாமா மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு சாக்கு இலை கொண்டுவந்து கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். கீமோவை நிறுத்திவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டும்? - வாசகி, கோபி

பதில்: கீமோவை நிறுத்தவே கூடாதுங்க. கஷாயத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

அந்தப் பத்தாயிரம் மடங்குக் கதை வந்த இடம் ஆய்வகம். தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள் மீது, முள்சீத்தாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை ஊற்றிப் பார்த்தார்கள். உப்பை அள்ளிக் கொட்டினாலும் அந்தத் தட்டில் செல் சாகும். குடித்த கஷாயம் குடலையும் கல்லீரலையும் தாண்டி, கட்டி இருக்கும் இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. அதை மனிதர்களிடம் நிரூபித்துக் காட்டியவர் இதுவரை இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இதிலுள்ள அனோனாசின் என்ற பொருள், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. புற்றுச் செல்லை மட்டும் பார்த்து முடக்காது, நரம்புச் செல்லையும் சேர்த்துத்தான். கரீபியன் தீவான குவாடலூப்பில் பார்க்கின்சன் போன்ற, வழக்கமான மாத்திரைக்கு அடங்காத நடுக்கநோய் அதிகமாக இருப்பதை 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். முள்சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் அங்கே அன்றாடப் பழக்கம். இதுதான் காரணம் என்று முடிவாகவில்லை. ஆனாலும் தினமும் டம்ளர் கணக்கில் குடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். போதாததற்கு, இது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடும். அம்மாயி அதற்கெல்லாம் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை.

செடியில் மருந்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் வாசலில் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஏற்றுகிறோம். அதையும் பிரித்தெடுத்து, உடல் அளவுக்குக் கணக்குப் போட்டு, மில்லிகிராமில்தான் ஏற்றுகிறோம். இலையை மெல்லச் சொல்வதில்லை.

கொய்யா, பப்பாளி, மாம்பழம் தாராளமாகக் கொடுங்கள். நோயை விரட்ட அல்ல, வாய்க்கு ருசியாக நாலு வாய் உள்ளே போகட்டும் என்றுதான். கீமோவில், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் குறையும். அதனால் நன்றாகக் கழுவி, தோல் சீவி, வீட்டிலேயே நறுக்குங்கள். பஸ் ஸ்டாண்டில் நறுக்கி வைத்த பழம் வேண்டாம். பம்பளிமாஸ் சில மருந்துகளோடு ஒத்துப்போகாது, கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம், எத்தனை நாள் எவ்வளவு கஷாயம் குடித்தார் என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கல்லீரல் பரிசோதனை செய்து பார்ப்பார். மாமாவையும் கூட்டிப் போங்கள். இடையில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.