எடைக்குப் போன ஹெரால்டும் அதன் பழைய எண்ணும்

கேள்வி: என் தாத்தா 1966-இல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை, அவர் மறைவுக்குப் பிறகு என் சித்தப்பா பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். கடைக்காரர் உடைப்பதற்குள் பணம் கொடுத்து மீட்டேன். எஞ்சின் இல்லை, அடித்தளம் துருவேறிக் கிடக்கிறது. தாத்தா பெயரிலுள்ள ஆர்.சி. புத்தகம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. சீரமைத்தால் அதே மெட்ராஸ் எண்ணில் ஓட்ட முடியுமா? வேறொரு ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தைப் பொருத்தி, அதில் எங்கள் வண்டியின் பழைய சேஸிஸ் எண்ணைக் கொத்தித் தருவதாகப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், காரைக்குடி

பதில்: வாய்ப்பு இருக்கிறது, ஆனால் பட்டறைக்காரர் சொல்லும் வழியை அடியோடு மறந்துவிடுங்கள். சேஸிஸ் எண்ணை வேறொரு வண்டியின் அடிச்சட்டத்தில் கொத்துவது குற்றம் என்பதோடு, அப்படிச் செய்த பிறகு உங்களிடம் இருப்பது தாத்தாவின் காராகவும் இராது.

முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவின் நிலையை விசாரியுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டதாலேயே பதிவு ரத்தாகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, வாகனம் அழிந்துவிட்டதாக உரிமையாளர் தெரிவித்து, அலுவலகம் ரத்து செய்திருந்தால்தான் சிக்கல். உங்கள் சித்தப்பா ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைக்காததால், பதிவு பெரும்பாலும் காலாவதியாகித்தான் இருக்கும். அரசு பதிவு பெற்ற அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

உங்கள் நல்ல காலம், வண்டி ஹெரால்டாக இருக்கிறது. அம்பாசிடரிலும் பழைய பியட்டிலும் உடற்கூடே அடிச்சட்டமாகவும் இருப்பதால், தளம் துருப்பிடித்தால் வண்டியின் உயிர்நாடியே போய்விடும். வண்டலூர் பக்கம் தயாரான ஹெரால்டுக்கோ தனிச் சேஸிஸ் உண்டு. மேலுள்ள உடற்பகுதிகள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. சேஸிஸின் பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் அரிக்கும். அவற்றை வெட்டி, அதே அளவில் புதிதாகப் பற்றவைக்கலாம். நடுச்சட்டம் நலமாக இருந்தால் வண்டியின் அடையாளம் தப்பியது என்று கொள்ளுங்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் தேய்ப்புக் கல்லோ மணல் வீச்சோ படவே கூடாது. வேலை தொடங்கும் முன்பே அதைப் படமெடுத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பெயிண்ட் அடித்த பிறகு நினைத்துப் பயனில்லை.

எஞ்சினைப் பொறுத்தவரை, அதே 948 சிசி வகையை முறையான ரசீதோடு வாங்கி, மாற்றுவதற்கு முன் அனுமதி பெற்று, புதிய எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் பதிவு செய்யுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத எஞ்சின், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

தாத்தா காலமாகிவிட்டதால் பெயர் மாற்றம் படிவம் 31 வழியே நடக்க வேண்டும். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள்; சித்தப்பாவிடம் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுவது உத்தமம். கைப்பட எழுதிய காலத்து ஆர்.சி. என்பதால் விவரங்களைக் கணினியில் ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்க நேரும். நிலுவை வரியும் தாமதக் கட்டணமும் சேரும்.

அதன்பின் இரண்டு பாதைகள் உண்டு. சாதாரணப் புதுப்பித்தல் என்றால், வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவை நீட்டிக்கலாம். மற்றொன்று, 2021-இல் நடைமுறைக்கு வந்த விண்டேஜ் பதிவு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்கு உரியது. பத்து ஆண்டுகள் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. ‘விஏ’ எழுத்துகள் கொண்ட எண் புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்குத்தான். ஆனால் சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதால், உங்கள் எஞ்சின் விஷயத்தை ஆய்வுக் குழு துருவிக் கேட்கும்.

கேள்வி: விண்டேஜ் பதிவு பெற்ற காரில் தினமும் அலுவலகம் போகலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். தினமும் ஓட்டும் எண்ணம் இருந்தால் சாதாரணப் புதுப்பித்தலே உங்களுக்கு ஏற்றது.